மணந்த துணையோடு தாய்நாடு திரும்பும் உரிமை

ஒரு நாட்டின் குடிமகன் தன் நாட்டுக்குத் திரும்பி வருவதை எந்த அரசாங்கமும் தடுத்தல் கூடாது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தன் 13ஆம் விதியில் இதனைத் தெளிவாகக் கூறுகின்றது. ஆனால் அக்குடிமகன் அயல்நாட்டில் இல்லறம் நடத்தி, பின்னர் வேற்று நாட்டவளாகிய மனைவியை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புவானாயின், அவளுக்கும் வாசல் திறக்குமா? அவ்விதி இதனைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது விட்டுச் சென்ற இடத்தில்தான் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு சட்டத்தை எழுதி வைத்திருக்கின்றது.

அகப்பொருள் இலக்கணம் கற்றோர் உடன்போக்கு என்னும் பகுதியை அறிவர். தலைவி தலைவனோடு புறப்பட்டுச் சென்றபின், அவளைப் பெற்ற தாயும் வளர்த்த செவிலியும் படும் கவலையே அங்குப் பெரிதும் பேசப்படும். அவளை அழைத்துச் சென்றவனின் ஊர் அவளை ஏற்குமா என்னும் ஐயம் அத்துணைப் பெரிதாக எழுவதில்லை. சிலம்புகழி நோன்பு தலைவன் மனையிலேயே நடந்துவிடுவதும் உண்டு. இன்றோ அம்மனையின் வாசலில் குடிநுழைவு இலாகா நிற்கின்றது.

ஐரோப்பாவில் இக்கேள்விக்குக் கிடைத்த விடை சற்று விசித்திரமானது. சொந்த நாட்டில் இருந்துகொண்டே மனைவியை அழைக்க முயன்றவனுக்குக் கிட்டாத உரிமை, பக்கத்து நாட்டில் சில காலம் வேலை செய்து திரும்பியவனுக்குக் கிட்டிற்று. அது எவ்வாறு கிட்டிற்று, அதன் எல்லை யாது, பிரிட்டனில் அவ்வழி எவ்வாறு அடைபட்டது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

1957 மார்ச் 25ஆம் நாள் ரோமாபுரியில் கையெழுத்தான உடன்படிக்கை, 6 நாடுகளைச் சேர்த்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவிற்று. பண்டங்களைப் போலவே தொழிலாளரும் தடையின்றி எல்லை கடந்து செல்லலாம் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. தொழிலாளிக்குக் குடும்பம் உண்டல்லவா? குடும்பத்தை விட்டுவிட்டு வா என்றால் யார் போவார்? தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகளுக்குக்கூட இது தெரிந்திருந்தது. ஆகவே 1968ஆம் ஆண்டில் பிறந்த ஒரு விதி, தொழிலாளியின் மனைவியோ கணவனோ, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோ, எந்நாட்டவராயினும் அவனோடு வசிக்கலாம் என்றது. ‘எந்நாட்டவராயினும்’ என்னும் அச்சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் வந்த வழக்குகள் யாவும் அதனைச் சுற்றியே சுழன்றன. பிரிட்டன் 1973 ஜனவரி 1இல் இச்சமூகத்தில் சேர்ந்தது.

இவ்விதி எல்லை தாண்டியவனுக்கு மட்டுமே உரியது. 1982 அக்டோபரில் லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. சூரினாம் நாட்டுத் தாய்மார் இருவர், நெதர்லாந்தின் குடிமக்களாக அங்கேயே வேலை செய்துகொண்டிருந்த தம் பிள்ளைகளோடு வசிக்க அனுமதி கேட்டனர். அப்பிள்ளைகள் வேறொரு நாட்டுக்கும் சென்று வேலை செய்தவர்கள் அல்லர். ஆதலின் இது முற்றும் உள்நாட்டு விவகாரம், ஐரோப்பியச் சட்டத்துக்கு இதில் இடமில்லை என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அத்தாய்மார் நெதர்லாந்தில் வேலை செய்யும் ஜெர்மானியரின் தாய்மாராக இருந்திருப்பின் வழக்கே வேறு. வந்த விருந்தினனுக்கு வாழையிலை, வீட்டுப் பிள்ளைக்கு வெறுந்தரை என்னும் நிலை இது.

அதே 1982 அக்டோபரில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் சுரிந்தர் சிங், இந்தியப் பிரஜை. மணமகள் பிரிட்டிஷ் பிரஜை. இருவரும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் வேலை செய்தனர். 1985ஆம் ஆண்டின் இறுதியில், சொந்தமாக ஒரு தொழில் தொடங்கும் எண்ணத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பினர். பிரிட்டிஷ் பெண்ணின் கணவர் என்ற முறையில், உள்நாட்டுச் சட்டத்தின்படி, சிங்குக்குக் குறிப்பிட்ட காலம் தங்க அனுமதி தரப்பட்டது.

மணவாழ்வு நிலைக்கவில்லை. 1987 ஜூலையில் மணமுறிவுக்கான முதல் தீர்ப்பு வந்தது. உடனே அரசாங்கம் அவர் தங்கும் காலத்தைக் குறைத்தது. நிரந்தரமாகத் தங்க அவர் கேட்ட அனுமதியையும் மறுத்தது. 1988 டிசம்பரில் அவரை நாடு கடத்த முடிவாயிற்று. மணமுறிவின் இறுதித் தீர்ப்பு 1989 பிப்ரவரியில்தான் வந்தது. ஆகவே நாடுகடத்த முடிவு செய்த நாளில் சட்டப்படி அவர் இன்னும் கணவரே. இச்சிறு இடைவெளியில்தான் வழக்கு முழுவதும் நின்றது. முதலில் தோற்ற சிங், 1989இல் குடிநுழைவு மேல்முறையீட்டு மன்றத்தில் வென்றார். உள்துறை அமைச்சர் விடவில்லை. உயர் நீதிமன்றம் சென்றார். உயர் நீதிமன்றம் 1990இல் இக்கேள்வியை லக்ஸம்பர்க்குக்கு அனுப்பிற்று.

பிரிட்டிஷ் அரசாங்கத்தின் வாதத்தை அற்பமென்று ஒதுக்க இயலாது. ஒரு பிரிட்டிஷ் பிரஜை தன் நாட்டுக்குத் திரும்புவது அவளுடைய பிரஜாவுரிமையினால். ஐரோப்பிய உடன்படிக்கையினால் அன்று. எனவே அவளோடு வரும் கணவனும் பிரிட்டிஷ் சட்டத்துக்கே கட்டுப்பட்டவன். அன்றியும், இதற்கு இடம் கொடுத்தால் உள்நாட்டுச் சட்டத்தை ஏய்ப்பதற்கென்றே பலர் அக்கரைக்குப் போய்த் திரும்புவர். இவ்வாறு அரசாங்கத் தரப்பில் கூறப்பட்டது.

1992 ஜூலை 7ஆம் நாள் நீதிமன்றம் தந்த விடையை ஒரு தோட்டத்து உவமையால் விளக்கலாம். கூலி அதிகம் என்று கேள்விப்பட்டு ஒருவன் பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறான். அங்கே அவன் மனைவியும் லயத்தில் உடனிருக்க அனுமதி உண்டு. ஆனால் என்றாவது பிறந்த தோட்டத்துக்குத் திரும்பினால், ‘நீ வரலாம், உன் மனைவி வரக்கூடாது’ என்று வாசற்காவலர் சொல்வார் என அவனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. அவ்வாறாயின் அவன் முதலில் புறப்பட்டே இருப்பானா? திரும்பும் வழியில் தடை வைப்பது, போகும் வழியில் தடை வைப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் பிறநாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் குடிமகனின் துணைக்கு, அப்பிறநாட்டில் கிடைத்ததற்குக் குறையாத உரிமை சொந்த நாட்டிலும் கிடைக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோசடியை அரசாங்கம் தடுக்கலாம் என்றும் ஒரு வரி சேர்த்தது.

இத்தீர்ப்பில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. மனித உரிமை, குடும்பத்தின் புனிதம் என்றெல்லாம் பெரிய சொற்களை அது நாடவில்லை. வேலைக்குப் போகிறவனின் மனக்கணக்கு ஒன்றையே எடுத்துக்கொண்டது. அதன் பலவீனமும் அதுவே. எல்லை தாண்டாதவனைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. லண்டனை விட்டு அகலாத ஏழைத் தையற்காரனின் மனைவி லாகூரிலோ மதுரையிலோ காத்திருந்தால், அவளுக்கு இத்தீர்ப்பினால் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. ‘சுரிந்தர் சிங் வழி’ என்று பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாயில் அடிபட்ட அப்பெயருக்குரியவர், தீர்ப்பு வந்த நாளில் மணமுறிவு பெற்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. மனைவியோடு சேர்ந்து வாழ விரும்பியோருக்கு வழிகாட்டியாய் அமைந்தது, பிரிந்துபோன ஒரு தம்பதியின் வழக்கு!

இவ்வழி பல்லாண்டுகள் பெரிதும் அறியப்படாமல் கிடந்தது. அறிந்து பயன்படுத்தியவருள் ஒரு தம்பதி, மொராக்கோ நாட்டுக் கணவனும் பிரிட்டிஷ் மனைவியும், 1997இல் டப்ளினுக்குச் சென்றனர். கணவன் பிரிட்டனிலிருந்து முன்பு வெளியேற்றப்பட்டவன். ஐரோப்பிய உரிமையைப் பெறுவதற்காகவே சென்றோம் என்று அவர்கள் ஒளிவுமறைவின்றிக் கூறிவிட்டனர். 2003இல் தீர்ப்பு வந்தது. மனத்தில் என்ன நோக்கம் இருந்தது என்பது முக்கியமன்று. உண்மையில் வேலை செய்தார்களா, மணம் உண்மையானதா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். ஆனால் துணைவர் முன்னரே ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி வசித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் புகுத்திற்று. 2008 ஜூலையில் அயர்லாந்திலிருந்து வந்த வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் அந்நிபந்தனையைக் கைவிட்டது. இடையில் 2007இல், திரும்பி வருபவன் சொந்த நாட்டில் வேலை செய்தே ஆகவேண்டும் என்பதில்லை என்றும் தெளிவாயிற்று.

இவ்விடத்தில் கணவன், மனைவி என்னும் வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் குடியேறி வாழ்ந்த ஆடவர், மனைவியரை அழைத்துக்கொள்வது எளிதாகவும், பெண்கள் கணவன்மாரை அழைத்துக்கொள்வது கடினமாகவும் இருந்தது. வருகிற ஆண்மகன் உள்ளூரான் வேலையைப் பறிப்பான் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். பெண்கள் மூவர் தொடுத்த வழக்கில், 1985 மே 28இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதனைப் பால் பாகுபாடு என்று கண்டித்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் தீர்ப்புக்குப் பணிந்தது. எப்படிப் பணிந்தது? கணவன்மாருக்கு விதியைத் தளர்த்தவில்லை. மனைவியருக்கும் அதே அளவு இறுக்கிற்று. சமத்துவத்தை இப்படியும் நிலைநாட்டலாம் போலும்!

நம் நாட்டிலும் இவ்வேறுபாடு உண்டு. மலேசிய அரசியல் சட்டத்தின் 15ஆம் விதிப்படி, குடிமகன் ஒருவனின் அயல்நாட்டு மனைவி 2 ஆண்டுகள் இங்கு வசித்து, நிலையாக வாழும் எண்ணமும் நன்னடத்தையும் உடையவளாயின், பதிவின் மூலம் பிரஜாவுரிமை கோரலாம். குடிமகள் ஒருத்தியின் அயல்நாட்டுக் கணவனுக்கு அந்த வழி இல்லை. அவன் 19ஆம் விதியின் கீழ், 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் வசித்த பின்னரே விண்ணப்பம் செய்யலாம். 2024 அக்டோபர் 17இல் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், மலேசியத் தாய் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்குத் தாய்வழிக் குடியுரிமை கிடைக்க வழி செய்தது. கணவன் நிலையை அது தொடவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பாரத்தில் பெற்றோர் குடியுரிமை என்னும் கட்டத்தை நிரப்பும்போது சில தாய்மார் பேனாவைப் பிடித்தபடி தயங்குவதைப் பார்த்த ஆசிரியர்களுக்கு இவ்விதிகளின் எடை தெரியும்.

மறுபடி பிரிட்டனுக்கு வருவோம். சுரிந்தர் சிங் வழியைப் பெருவழியாக்கியது பிரிட்டிஷ் அரசாங்கமே எனலாம். 2012 ஜூலை 9 முதல், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைக்க விரும்பும் பிரிட்டிஷ் பிரஜை, ஆண்டுக்கு 18,600 பவுன் வருமானம் காட்ட வேண்டும் என்றாயிற்று. பிரஜாவுரிமை இல்லாத பிள்ளை ஒன்று உடன் வந்தால் மேலும் 3,800. அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400. வருமானமே இல்லாதவர் சேமிப்பைக் காட்டலாம். அதற்கு 62,500 பவுன் வேண்டும். வரப்போகும் துணைவர் எத்துணைப் பெரிய மருத்துவராயினும், அவர் அங்கு ஈட்டக்கூடிய சம்பளம் கணக்கில் சேராது.

அடிபட்டவர் யாவர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பகுதி நேர வேலை செய்யும் தாய், முதியோர் இல்லப் பணியாளர், கடைச் சிப்பந்தி ஆகியோர்தாம். வெளிநாட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் குடும்பம் நடத்திய பிறகு, வயது முதிர்ந்த பெற்றோரைப் பார்த்துக்கொள்ளத் திரும்பியவர்களும் அதில் சிக்கினர். சம்பளம் வேற்று நாட்டில், ஊரிலோ இன்னும் வேலை கிடைக்கவில்லை. மனைவியை விட்டுவிட்டு முன்னே வந்து வேலை தேட வேண்டும். தந்தையின் முகத்தைக் கணினித் திரையில் மட்டும் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு ‘ஸ்கைப் குடும்பங்கள்’ என்றொரு பெயரே ஏற்பட்டது. 2017 பிப்ரவரி 22இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இவ்வருமான விதி செல்லும் என்றே கூறிற்று. ஆயினும் குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்று குறை கண்டது.

ஐரோப்பிய வழியிலோ வருமான எல்லை கிடையாது. குடும்ப அனுமதிக்குக் கட்டணமும் கிடையாது. எனவே மான்செஸ்டரிலும் லீட்சிலும் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அயர்லாந்துக்கும் நெதர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் புறப்பட்டனர். அங்கே வேலை தேடிக்கொண்டு, துணையை வரவழைத்து, சில மாதங்கள் குடித்தனம் நடத்தி, பின் இருவருமாக ஊர் திரும்பினர். செய்தது சட்டப்படி சரியே. ஆனால் சொந்த நாட்டில் மனைவியோடு வாழ ஒருவன் அந்நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, பிழை போனவனிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2014 ஜனவரி 1 முதல், போனவர் தம் ‘வாழ்வின் மையத்தை’ அந்நாட்டுக்கு மாற்றினாரா என்று பார்க்கும் சோதனை வந்தது. எத்தனை காலம் வேலை செய்தார், தலையாய வீடு எங்கே இருந்தது, அச்சமூகத்தோடு எவ்வளவு கலந்தார் என்பவை ஆராயப்பட்டன. வாடகைச் சீட்டு, மின்சார பில், வங்கிக் கணக்கு, பிள்ளை சேர்ந்த பள்ளியின் கடிதம் என்று தம்பதிகள் காகிதம் சேர்க்கத் தொடங்கினர். இரண்டு ஆண்டுக்குள் மூன்று பள்ளி மாறிய பிள்ளை, அம்மாற்றத்தினாலேயே குடும்பத்துக்கு ஒரு சாட்சிப் பத்திரமாயிற்று. ஆசிரியர் என்ற முறையில் அப்பிள்ளையின் கணக்கு நோட்டையும் யாரேனும் திறந்து பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஐரோப்பிய நீதிமன்றம் தானும் ஓர் எல்லை வகுத்தது. 2014 மார்ச் 12இல் தீர்ந்த இரண்டு நெதர்லாந்து வழக்குகளில், ஒருவர் ஸ்பெயினில் கணவனோடு இரண்டு மாதம் மட்டுமே தங்கினார்; மற்றவர் பெல்ஜியத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டில் துணையோடு சனி ஞாயிறுகளில் மட்டும் தங்கினார். வார இறுதிகளை எத்தனை கூட்டினாலும் குடித்தனம் ஆகாது. 3 மாதத்துக்கு மேற்பட்ட உண்மையான வசிப்பும், அங்கு உருவான அல்லது உறுதிப்பட்ட குடும்ப வாழ்வும் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இது நியாயமான எல்லை என்றே கருதுகிறேன்.

டென்மார்க்கின் கதையும் இத்தகையதே. 2002இல் அந்நாடு, தம்பதியர் இருவரும் 24 வயதைக் கடந்திருக்க வேண்டும், வேறெந்த நாட்டையும்விட டென்மார்க்கோடு அவர்களுக்குப் பிணைப்பு மிகுதியாக இருக்க வேண்டும் என்று விதித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர்தான், 2000 ஜூலை 1இல், கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோ நகரையும் இணைக்கும் பெரும்பாலம் திறக்கப்பட்டிருந்தது. டென்மார்க்கின் இளந்தம்பதியர் பலர் மால்மோவில் குடியேறிப் பாலம் கடந்து வேலைக்குப் போய் வந்தனர். வாணிபத்துக்குக் கட்டிய பாலம் இல்லறத்துக்கும் உதவிற்று.

மணம் புரியாமல் கூடி வாழ்வோர் நிலை யாது என்றும் சிலர் கேட்கலாம். நெதர்லாந்தில் சேர்ந்து வாழ்ந்த ஒரு பிரிட்டிஷ் ஆடவரும் தென்னாப்பிரிக்கப் பெண்ணும் திரும்பியபோது இது எழுந்தது. நிலையான உறவுடைய துணையின் நுழைவை அரசாங்கம் எளிதாக்க வேண்டும், மறுத்தால் விரிவாக ஆராய்ந்து காரணம் கூற வேண்டும் என்று 2018 ஜூலையில் தீர்ப்பாயிற்று. மணந்தவருக்குள்ள முழு உரிமை அன்று இது. அதற்கு முந்திய மாதம், பிரஸ்ஸல்ஸில் மணந்த ஒரு ருமேனியரும் அமெரிக்கரும் ஆகிய ஆடவர் இருவரின் வழக்கில், திரும்பி வசிக்கும் உரிமைக்குத் ‘துணைவர்’ என்னும் சொல் இருபாலுக்கும் பொது என்று அதே நீதிமன்றம் கூறிற்று.

2020 ஜனவரி 31இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிற்று. அவ்வாண்டு டிசம்பர் 31 வரை பழைய விதிகள் நீடித்தன. அதற்குள் ஐரோப்பாவில் துணையோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் 2022 மார்ச் 29க்குள் திரும்பிவிட வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 8இல் புதிய விண்ணப்பங்களுக்கும் கதவு அடைபட்டது. 2024 ஏப்ரல் 11இல் வருமான எல்லை 29,000 பவுனாக உயர்ந்தது.

ஒன்றியத்தின் ஏனைய நாடுகளில் 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்றும் உயிரோடிருக்கின்றது. டப்ளின் நகரில் ஒரே தெருவில் இரண்டு குடும்பங்கள் வசிப்பதாகக் கொள்வோம். ஒன்றில் கணவன் பிரெஞ்சுக்காரன், மற்றதில் பிரிட்டிஷ்காரன். மனைவியர் இருவரும் மலேசியப் பெண்கள். இருவரும் ஐந்தாண்டு அங்கே உழைத்துவிட்டு இவ்வாண்டு ஊர் திரும்ப நினைக்கின்றனர். பிரெஞ்சுக்காரன் திருமணச் சான்றிதழையும் டப்ளினில் வாழ்ந்ததற்கான காகிதங்களையும் எடுத்துக்கொண்டு மனைவியோடு லியோனுக்குப் போகலாம். பிரிட்டிஷ்காரன் சம்பளச் சீட்டுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.